நாகலாபுரம், பெரியபாளையம்: கால் கொப்புள அனுபவங்கள்

பெரம்பூரிலிருந்து:
நாகலாபுரம் மலைக்குக் கிளம்புகிற நம்ம ஏரியா பசங்க ஷூவுக்குத்தான் காசு போடுகிறார்கள். சாக்ஸ் மட்டும் பள்ளிக்கூடத்துக் காட்டன் சாக்ஸ். அங்கே பாதையில் பாதி ஓடைதான். காட்டன் ஒருமுறை ஊறினால் சாயங்காலம் வரை காயாது. ஊறிய தோலை ஷூ உரச உரச, மேல்தோல் பிரிந்து நடுவில் நீர் கோத்துக்கொள்ளும். போன மழைக்காலத்தில் எங்களோடு வந்த தம்பிக்கு இரண்டு குதிகாலும் போச்சு. எம்.சி. ரோட்டில் முந்தின நாள் வாங்கிய புது ஷூ வேறு! இறக்கம் முழுக்க நண்டு நடைதான்.

நான் வீட்டிலேயே குதிகாலிலும் சுண்டுவிரல் ஓரத்திலும் மைக்ரோபோர் டேப் ஒட்டிவிடுவேன், மருந்துக்கடையில் விற்கும் அதே காகித டேப். 250 கிலோமீட்டர் போட்டிகளில் ஓடிய 128 பேரை வைத்து ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் சோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். டேப் ஒட்டிய இடத்தில் கொப்புளம் நன்றாகவே குறைந்திருந்தது. அப்புறம், நைலான் கலந்த சாக்ஸ் ஒரு ஜோடி கூடுதலாக இருக்கட்டும். கால் சுருக்கென்று சுட ஆரம்பித்ததுமே உட்கார்ந்துவிடுங்கள். கூட்டம் முன்னால் போனால் போகட்டும்.

கொடுங்கையூரிலிருந்து:
நான் மலைப் பக்கமே போனதில்லை தம்பி. ஆடியில் பெரியபாளையத்தம்மனுக்கு நடக்கிறவள். வேண்டுதல் என்பதால் வெறுங்கால். செங்குன்றம் தாண்டி ஜனப்பன்சத்திரம் கூட்ரோடு வரும்போது வெயில் ஏறிவிட்டால் தார் கொதிக்கும். ஊர்க்காரர்கள் ரோட்டில் தண்ணீர் ஊற்றுவார்கள், புண்ணியவான்கள். வெறுங்காலுக்கு அதுதான் உயிர். ஆனால் துணைக்கு ஷூ மாட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளும் அந்த ஈரத்திலேயே நடந்து சாக்ஸை நனைத்துக்கொள்கிறார்கள். நீங்களெல்லாம் காய்ந்த ஓரமாக வாங்கப்பா!

எங்களுக்கு வருவது சூட்டுக் கொப்புளம், உள்ளங்காலில். பந்தலில் யாராவது பேஸ்ட், காபித்தூள் என்று ஓடிவருவார்கள். எதுவும் வேண்டாம், குழாய்த் தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் போதும். ராத்திரியில் நடந்து வெயில் ஏறுமுன் போய்ச்சேருவது அதைவிட நல்லது.

ராயபுரத்திலிருந்து:
காயத்துக்குக் கட்டுப் போடுவதுதான் என் வேலை. அக்கா சொன்னது சரி, சூட்டுக் கொப்புளத்தில் எதையும் தடவாதீர்கள். அதை உடைக்கவும் கூடாது. உரசி வந்தது சின்னதாக, வலிக்காமல் இருந்தால் அதையும் தொடாதீர்கள். பெரிதாகி நடக்கவே முடியாவிட்டால் மட்டும், சோப்புப் போட்டுக் கழுவி, பிரிக்காத புது ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியுங்கள். மேல்தோலை உரிக்காதீர்கள். என்னிடம் வருகிறவர்கள் பலர் அதை பிளேடால் சீவிவிட்டுத்தான் வருகிறார்கள்!

சுகர் உள்ளவர்கள் குத்தவே வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். கால் மரத்திருந்தால் புண் ஆழமாவது தெரியாது. சீழ், காய்ச்சல், புண்ணிலிருந்து மேலே ஏறும் சிவப்புக் கோடு, இதில் எது வந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள், யாராக இருந்தாலும்.

பெரம்பூர் அண்ணா, டேப் நல்ல யோசனைதான். ஆனால் கொப்புளம் வந்த பிறகு அதன்மேல் நேராக ஒட்டினால், பிரிக்கும்போது தோலும் கூடவே வந்துவிடும். நடுவில் காஸ் துணி வைத்து ஒட்டுங்கள்.