கலைச்சொல்: புதிய திருத்தந்தை பழமைவாதியா, மரபுவாதியா?

அன்புள்ள குழுவினருக்கு,

கர்தினால் ராட்சிங்கர் செவ்வாயன்று (19.4.2005) பதினாறாம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தை (போப்) ஆகிவிட்டார். எங்கள் பங்குக் கோவில் மலருக்கு அவரைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். நாளை அச்சுக்குப் போகிறது. ‘கன்சர்வேட்டிவ்’ ஒன்பது இடங்களில் வருகிறது. ‘பழமைவாதி’ என்று எழுத மனம் ஒப்பவில்லை. 1962இல் தொடங்கிய, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், கொலோன் கர்தினால் ஃபிரிங்ஸின் ஆலோசகராகச் சீர்திருத்தத்தின் பக்கம் நின்றவர் அவர். வேறு சொல் உண்டா?

---

‘மரபுவாதி’ போதும். ‘மரபுநிலை திரியின் பிறிதுபிறி தாகும்’ என்பது தொல்காப்பியம்; மரபு மாறினால் பொருளே வேறாகிவிடும். பெண்கள் குருவாக முடியாது என்பதற்கு உரோமை சொல்லும் காரணமும் ஏறக்குறைய இதுதான்: மாற்றும் அதிகாரம் திருச்சபைக்கே இல்லை.

---

ஐயா, அந்தச் சொல் ஏற்கெனவே வேறொருவருக்கு வேண்டியிருக்கிறது. பழைய இலத்தீன் திருப்பலிக்காக உரோமையோடு பிணங்கிய பேராயர் லெஃபெவ்ரின் குழுவினர்தாம் மரபுவாதிகள். 1988இல் அவரோடு உடன்பாடு காணப் பேசியவரே ராட்சிங்கர். இருவருக்கும் ஒரே பெயரா?

‘கன்சர்வேட்டிவ்’ என்பதன் இலத்தீன் வேர் ‘காத்தல்’. நம்மிடம் ‘ஓம்பு’ இருக்கிறது: ‘ஒழுக்கம் உயிரினும் ஓம்பப் படும்.’ புறநானூற்றிலோ (195) ‘அல்லது செய்தல் ஓம்புமின்’. அங்கே பொருள் ‘விலக்குங்கள்’. காத்தலும் விலக்கலும் ஒரே சொல்லில்! 1981 முதல் வத்திக்கானின் நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயத்தில் ராட்சிங்கர் செய்தது இவ்விரண்டையும்தானே? கோட்பாட்டைக் காத்தார்; 1984இல், ஏழைகளின் விடுதலையை முன்வைத்த ‘விடுதலை இறையியலின்’ மார்க்சியச் சாய்வை விலக்கினார். ‘ஓம்புநர்’ என்போம்.

---

அம்மா, வேர் அழகாக இருக்கிறது. ஆனால் ஞாயிறு பூசை முடிந்து மலரை வாங்கும் பாட்டி, ‘ஓம்புநர்’ என்றால் விருந்தோம்புபவர் என்றுதான் படிப்பார். அவருக்காகத்தானே இந்த மலர்? மரபுவாதியே இருக்கட்டும். (இலங்கை வாசகர்கள் இருந்தால் ‘பாப்பரசர்’ என்றும் ஓரிடத்தில் சேருங்கள்.)

---

எனக்கும் மரபுவாதி சம்மதம். தூங்கப் போகிறேன்.

---

அனைவருக்கும் நன்றி. மரபுவாதி என்றே இட்டுவிட்டேன். லெஃபெவ்ர் வரும் பத்தியில் மட்டும் ‘பழைய திருப்பலி முறையை விடாதவர்கள்’ என்று விரித்திருக்கிறேன். ஓம்புநரைச் சேர்க்க இயலவில்லை, அம்மா. மன்னியுங்கள்.

---

மன்னிப்பு எதற்கு? என் வாக்கு மாறவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஏப்ரல் 18 மறையுரையில் அவர் கண்டித்ததை ‘சார்பியலின் சர்வாதிகாரம்’ என்று எழுதிவிடவில்லையே? சார்பியல் ஐன்ஸ்டைனுடையது. எல்லா உண்மையும் ஆளுக்கு ஆள் மாறும் என்ற கொள்கையை அல்லவா அவர் சொன்னார்? ‘சார்புவாதம்’ என்றாவது திருத்துங்கள். அந்தப் பக்கம் இன்னும் கையில் இருக்கிறதா?