புதுப்பிப்பு: விரல் கிளிப்பில் 84, ரத்தப் பரிசோதனையில் 95

அப்பாவின் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பதற்கு, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கிளிப்பிலும் ரத்தப் பரிசோதனையிலும் இரண்டு அளவுகள் இப்படி வருகின்றன, எதை நம்புவது என்று கேட்டிருந்தேன். டாக்டர் சொன்னது: தமனி ரத்தப் பரிசோதனையைத்தான்.

விரல் ஜில்லிட்டிருந்தது. கிளிப் சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளைச் செலுத்தி, நாடித்துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. துடிப்பு சரியாக எட்டாவிட்டால் வரும் எண் வெறும் குத்துமதிப்பு. மானிட்டரில் அலைக்கோடு கிட்டத்தட்ட படுத்தே கிடந்தது. நர்ஸ் அதைக் காட்டிவிட்டு, காதுமடலில் மாட்டும் சென்சாருக்கு மாற்றினார். அலை நிமிர்ந்தது, எண்ணும் 94-க்கு வந்துவிட்டது.

நகப்பூச்சு பற்றிக் கேட்டவர்களுக்கு: அடர்நிறப் பூச்சு குழப்பலாம்தான், ஆனால் அப்பாவுக்கு ஏது அதெல்லாம்!

தூக்கிவாரிப்போட்டது வேறொன்று. தீப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவால் நச்சேறியவருக்கும் சாதாரண கிளிப் 98 என்று, எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டக்கூடுமாம். தீப்புகையில் சிக்கியவருக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும்.