ஃபென்வேக்கு யாங்கீஸ் ஜெர்சி போட்டுப் போறது: வீரமா, வீம்பா?

ஜெர்சிசிட்டி குமரன்:
ஜூலையில் பாஸ்டன் போய் ஃபென்வே பார்க்கில் நியூயார்க் யாங்கீஸ் – பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் ஆட்டம் பார்க்கலாம்னு திட்டம். நாலு பேர். அதில் 10 வயதுப் பையன் ஒருத்தன், 68 வயது மாமா ஒருத்தர். நாலு பேருமே யாங்கீஸ் கட்சி. நியூயார்க்கில் இருந்து ரயிலில் வர்றோம். ஜெர்சி போட்டு உட்காரலாமா, கூடாதா? வெள்ளி இரவு ஆட்டம் நல்லதா, ஞாயிறு பகல் ஆட்டமா? டிக்கெட் இன்னும் எடுக்கல.

கம்முனு இரு:
போடாதீங்க. அமெரிக்க பேஸ்பால் மைதானத்தில் வெளியூர் ரசிகனுக்குன்னு தனி இடம் கிடையாது. ஐரோப்பாவில் கால்பந்துக்கு வேலி போட்டுப் பிரிச்சு வைப்பாங்க. ஜப்பானில் கோஷியன் மைதானத்தில் இடது அவுட்ஃபீல்டு (பேட்டருக்கு எதிரே தூரத்துப் பகுதி) கேலரியில் வெளியூர்க்காரங்களுக்குத் தனிப் பகுதியே உண்டு. ஃபென்வேயில் முன்னாடி, பின்னாடி, ரெண்டு பக்கம் எல்லாம் உள்ளூர்க் கூட்டம்தான். 2011 மார்ச் 31-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தில், சீசனின் முதல் நாள், சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் ரசிகர் ஒருவரை ஆட்டம் முடிந்த பிறகு அடித்து, அவருக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு. மேட்ச் பார்க்கத்தான் போறீங்க, கொடி நட இல்ல.

சாம்பல் சட்டை:
அந்தச் சம்பவம் எங்கே நடந்ததுன்னும் சேர்த்துச் சொல்லுங்க: பார்க்கிங் லாட்டில். பாதுகாப்பில் நிர்வாகமும் அலட்சியமா இருந்ததுன்னு 2014-ல் ஜூரி சொன்னதே அதனால்தான். ஃபென்வேயைச் சுற்றி அந்த மாதிரிப் பொட்டல் லாட் கிடையாது. நகரத்துக்கு நடுவில் நிற்கிற மைதானம், நிறையப் பேர் ரயிலிலும் நடந்தும் வர்றாங்க. யாங்கீஸ் தொடர் என்றால் கூட்டத்தில் நியூயார்க் தொப்பி ஆயிரக்கணக்கில் இருக்கும். தனியா மாட்டிக்கிற நிலைமையே வராது.

எதைப் போடுவதுன்னு கேட்டால் சாம்பல் நிற ரோடு ஜெர்சிதான் மரியாதை. வெளியூரில் அணியே அதைத்தான் போடுது. முதுகில் எண் மட்டும் போதும், பெயர் வேண்டாம். யாங்கீஸ் வீரர்கள் ஜெர்சியில் பெயர் போடுவதே இல்லை. பெயர் போட்டு வாங்கினால் நம்ம ஆட்களே சிரிப்பாங்க. வம்பை வரவழைப்பது ஜெர்சி இல்ல, எதிரணியைத் திட்டி அச்சடிச்ச டி-ஷர்ட். அதைப் போட்டால் உள்ளே விடாமலும் போகலாம்.

பச்சைச் சுவர்:
உள்ளூர்க் கட்சி சார்பில் ஒரு வார்த்தை. ஜெர்சி போடுங்க, கேலி நிச்சயம் கிடைக்கும். யாங்கீஸைத் திட்டும் கோஷம் யாங்கீஸ் ஆடாத நாளிலேயே எங்க ஊரில் கிளம்பும். 1919 கடைசியில் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்றது தொடங்கி 1978-ல் பக்கி டென்ட், 2003-ல் ஏரன் பூன்னு யாங்கீஸ்காரங்க எங்களைக் கவிழ்த்த ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) வரை நாங்க வாங்கினது கொஞ்சமா? 2004 பிளேஆஃப் தொடரில் யாங்கீஸிடம் 0-3 என்று பின்தங்கி நாலு ஆட்டத்தையும் தொடர்ந்து ஜெயிச்சதில் வட்டியோடு திருப்பிக் கொடுத்தாச்சு. இப்போ நடப்பதில் பெரும்பகுதி விளையாட்டுத்தான்.

ஆனா ஒண்ணை மறைக்கக் கூடாது. 2017 மே 1-ல் பால்டிமோர் வீரர் ஆடம் ஜோன்ஸை இதே மைதானத்தில் நிறவெறி வார்த்தை சொல்லித் திட்டினாங்க. கடலைப் பொட்டலம் ஒண்ணும் அவரை நோக்கிப் பறந்தது. ரெட் சாக்ஸ் மன்னிப்புக் கேட்டது. மறுநாளே நிறவெறியாப் பேசிய இன்னொரு ரசிகருக்கு வாழ்நாள் தடை. நம்ம நிறத்து ஆட்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்ல. அணியைக் கேலி பண்ணினால் சிரிச்சுக்கிட்டே விடலாம். ஆளைப் பற்றிப் பேச ஆரம்பிச்சா பதில் பேசாதீங்க. புகார் அனுப்ப ஒரு குறுஞ்செய்தி எண்ணை மைதானத்திலேயே போட்டிருப்பாங்க. செக்‌ஷன், வரிசை, சீட் மூணையும் போட்டு அனுப்பினால் ஆள் வருவாங்க. வாய்ச்சண்டை போட்டுட்டு அப்புறம் அனுப்பினால் ரெண்டு தரப்பையும் வெளியேத்துவாங்க. டிக்கெட் பணம் திரும்பாது.

கம்முனு இரு:
பாருங்க, உள்ளூர்க்காரரே ஒத்துக்கிறார். ஒரு தொப்பியும் சாதா சட்டையும் போட்டால் இந்தக் குறுஞ்செய்தியே தேவைப்படாது.

பச்சைச் சுவர்:
நான் ஒத்துக்கிட்டது வேற. ஆடம் ஜோன்ஸ் எதிரணி ஜெர்சி போட்டதாலா அந்த வார்த்தையைக் கேட்டார்? சட்டையை மறைக்கலாம், தோலை மறைக்க முடியாதே.

மூன்றாம் பேஸ்:
சட்டையைப் பற்றி இத்தனை பேச்சு, சீட்டைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கல. தொல்லை வருவதும் வராததும் உட்காரும் இடத்தைப் பொறுத்தது.

வெளியூர் அணியின் டக்அவுட் (வீரர்கள் உட்காரும் இடம்) எந்தப் பக்கம்னு முதலில் பாருங்க. ஃபென்வேயில் மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது பேட்டருக்குப் பின்னாடி இருந்து பார்த்தால் இடது பக்கம். எல்லா ஊரிலும் அப்படி இல்ல: சிகாகோ ரிக்லியிலும் டாட்ஜர் ஸ்டேடியத்திலும் முதல் பேஸ் பக்கம். நம்ம அணி உட்காரும் பக்கம்தான் நம்ம ரசிகர்களும் டிக்கெட் எடுப்பாங்க. அங்கே நாலு வரிசைக்கு ஒரு சாம்பல் ஜெர்சியாவது இருக்கும்.

ஃபென்வே 1912-ல் திறந்தது. கிராண்ட்ஸ்டாண்டில் கூரையைத் தாங்க இரும்புத் தூண்கள் இன்னும் அப்படியே நிற்குது. பார்வை மறைக்கும் சீட் என்றால் டிக்கெட்டிலேயே போட்டிருக்கும். மறுவிற்பனையில் அந்த வரி சின்ன எழுத்தில் கடைசியில் இருக்கும், அதைப் படிக்காமல் பணம் கட்டாதீங்க. தூண் பிட்ச்சரை மறைக்குமா, பேட்டரை மறைக்குமா என்பது சீட்டுக்குச் சீட்டு மாறும். அங்கே நீல மர நாற்காலிகள் ரொம்பக் குறுகல், முட்டி முன் சீட்டில் இடிக்கும். மாமாவுக்கு வரிசையின் ஓர சீட் எடுங்க.

விலையைப் பார்த்து வலது மூலையில் கிராண்ட்ஸ்டாண்ட் 1 முதல் 7 வரை எடுத்துடாதீங்க. அந்த நாற்காலிகள் நடு அவுட்ஃபீல்டைப் பார்த்துப் போட்டவை. பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டைப் பார்க்க ஒன்பது இன்னிங்ஸும் கழுத்தைத் திருப்பியே வெச்சிருக்கணும்.

என் கணக்கு: மூன்றாம் பேஸ் பக்கக் கிராண்ட்ஸ்டாண்ட், 25-ல் இருந்து 29-க்குள், கூரைக்குக் கீழே. மழை விழாது, பகல் ஆட்டம் என்றால் வெயிலும் முதுகுப் பக்கம்.

சாம்பல் சட்டை:
பையனைக் கூட்டிப் போறாங்க, பிளீச்சர்ஸ்தானே (அவுட்ஃபீல்டுக்குப் பின்னாடி கூரை இல்லாத கேலரி) குஷி? ஹோம் ரன் விழும், பிட்ச்சர்கள் தயாராகும் புல்பென் கண்ணுக்கு முன்னாடி, 1946-ல் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் 502 அடி அடிச்ச பந்து விழுந்த சிவப்பு நாற்காலியும் அங்கேதான், செக்‌ஷன் 42, வரிசை 37, சீட் 21. விலையும் குறைவு.

பச்சைச் சுவர்:
யாங்கீஸ் ஜெர்சியோடு பிளீச்சர்ஸில் பையனை உட்கார வைக்காதீங்க. உள்ளூர்க்காரன் கையெழுத்துப் போட்டே சொல்றேன். முதல் நாலு இன்னிங்ஸ் கேலியாத்தான் இருக்கும். ஆறாவதுக்கு மேல் பியர் பேச ஆரம்பிக்கும். பியர் விற்பனையைக் கடைசி இன்னிங்ஸ்களுக்கு முன்னாடியே நிறுத்திடுவாங்கன்னு தெரிஞ்சு, அதுக்கு முன்னாடி ஒரு சுற்று கூடுதலா வாங்கி வெச்சுக்கிற கூட்டம் அது. பகலில் மாலை வெயிலும் நேரா கண்ணில் அடிக்கும்.

யாங்கீஸ் ஹோம் ரன் ஒண்ணு உங்க கைக்கே வந்துட்டா, "திருப்பி எறி"ன்னு மொத்தப் பகுதியும் கத்தும். ரிக்லியில் இருந்து பரவின வழக்கம். பையன் பயந்து எறிஞ்சுடக் கூடாது. 2021 ஜூலையில் யாங்கீ ஸ்டேடியத்தில் ரெட் சாக்ஸ் வீரர் அலெக்ஸ் வெர்டூகோ ஒரு சின்ன ரசிகருக்குப் போட்ட பந்தை வேற ஒருத்தன் எடுத்து வெர்டூகோ முதுகிலேயே எறிந்தான். மேஜர் லீகின் 30 மைதானத்துக்கும் சேர்த்து அவனுக்கு வாழ்நாள் தடை. பந்து கிடைச்சா பாக்கெட்டில் போட்டு உட்கார்ந்துடுங்க, அரை இன்னிங்ஸில் மறந்துடுவாங்க.

சாம்பல் சட்டை:
சென்னையில் 1999-ல் பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயிச்சப்போ சேப்பாக்கம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியதே. பாஸ்டன் அவ்வளவு மோசமா?

பச்சைச் சுவர்:
அது ஆடினவங்களுக்குக் கிடைச்ச கைதட்டல். கேலரியில் பாகிஸ்தான் சட்டை போட்டு உட்கார்ந்தவனுக்குத் தட்டலையே.

ரயில் பைத்தியம்:
வெள்ளியா ஞாயிறா என்ற கேள்வி அநாதையா நிற்குது. ஞாயிறு பகல்தான். மதியம் ஒன்றரை வாக்கில் தொடங்கும். 2023-ல் பிட்ச் கிளாக் (பந்து எறிய நேரக் கட்டுப்பாடு) வந்த பிறகு சராசரி ஆட்டம் 2 மணி 40 நிமிடம். ஸ்கோர் சமமாகி எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் போனாலும் தொடக்கத்திலேயே இரண்டாம் பேஸில் ஓட்டக்காரர் நிற்பதால் சீக்கிரம் முடியும். நாலரைக்கு வெளியே வந்தால் ஆறரை வாக்கில் ஆம்ட்ராக் ரயில் பிடிச்சு ராத்திரியே நியூயார்க். ஓட்டல் செலவு மிச்சம். வெள்ளி இரவு முடிய பத்து மணி ஆகும், அதுக்கு மேல் வசதியான ரயில் கிடையாது, தங்கியே ஆகணும்.

சவுத் ஸ்டேஷன் வரை போகாமல் அதுக்கு முந்தின ஸ்டேஷன் பேக் பேயிலேயே இறங்குங்க. அங்கிருந்து மைதானம் நடந்தால் 25 நிமிடம். மாமா நடக்க மாட்டார் என்றால் அதே பேக் பேயில் வூஸ்டர் வழி கம்யூட்டர் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே லான்ஸ்டவுன், மைதானத்துக்குப் பின்னாடி. வார இறுதியில் வண்டி குறைவு, நேரம் பார்த்துக்கோங்க. பக்கத்தில் இருக்கும் காப்லி ஸ்டேஷன் போய் கிரீன் லைன் மெட்ரோ ஏறுவதானால் B, C, D மூணில் எதிலும் ஏறிக் கென்மோரில் இறங்கலாம். E மட்டும் வேண்டாம். அது காப்லி தாண்டினதும் பிரிஞ்சு வேற பக்கம் போயிடும். வெளியூர் ரசிகர்கள் முதல் இன்னிங்ஸைத் தொலைப்பது பெரும்பாலும் அந்த E-யில்தான்.

மூன்றாம் பேஸ்:
ரயில் கணக்கு சரி, பேஸ்பால் கணக்கு தப்பு. ஞாயிறு எடுத்தால் மூணு நஷ்டம்.

மழை. ஐந்து இன்னிங்ஸ் ஆகாமல் மழை வந்து ஆட்டம் ஒத்திப்போனால் உங்க டிக்கெட் மறு தேதிக்குத்தான் செல்லும். வெள்ளி ஆட்டம் நின்னால் சனிக்கிழமையே இரண்டு ஆட்டமா வைக்க வாய்ப்பு இருக்கு, ஊரில் இருந்தால் பார்த்துடலாம். ஞாயிறு தொடரின் கடைசி ஆட்டம். நின்னால் யாங்கீஸ் அடுத்த தடவை வரும் வரை காத்திருக்கணும்.

நேரம். இந்த ரெண்டு அணி ஆட்டத்தை ஞாயிறு இரவு தேசிய டிவி அடிக்கடி கேட்டு வாங்கிக்கும். டிக்கெட் எடுத்த பிறகும் பகல் ஆட்டம் இரவு ஏழு மணிக்கு மாறும். உங்க ஆறரை மணி ரயில் அப்போ யாருக்கு?

மூணாவது பையனுக்காக. உள்ளூர் அணி முதலில் பேட்டிங் பிராக்டிஸ் எடுக்கும், வெளியூர் அணி பின்னாடி. கேட் திறப்பது ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி. அதனால் பொதுவா உள்ளே போகும்போது உள்ளூர் அணி முடிச்சிருக்கும், யாங்கீஸ் பேட்டிங் கூண்டுக்குள் இருக்கும். வெளியூர் ரசிகனுக்கு இது பம்பர். அரை மணி நேரமாவது கிடைக்கும். ஆனா இரவு ஆட்டத்துக்கு அடுத்த நாள் பகல் ஆட்டம் என்றால் பெரும்பாலும் மைதானத்தில் பிராக்டிஸே இருக்காது. சனி இரவு ஆட்டம் இருந்தால் ஞாயிறு அவ்வளவுதான்.

வெள்ளி கேட் திறந்ததும் மூன்றாம் பேஸ் பக்கம் டக்அவுட்டுக்கும் மூலைக்கும் நடுவில் முன் வரிசைக்குப் போங்க, அஷர் (இடம் காட்டும் ஊழியர்) போகச் சொல்லும் வரை நிற்கலாம். பந்தில் கையெழுத்து வாங்க நீல பால்பாயிண்ட் பேனா. மார்க்கர் கொடுத்தால் தோலில் மை ஊறிப் பரவி ஒரு வருஷத்தில் எழுத்து மங்கிடும். தையல் ரெண்டும் நெருங்கி வரும் இடத்தைக் காட்டி நீட்டணும். "சார்"னு கூப்பிடுவதை விட வீரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாங்க. பையன் நியூயார்க் தொப்பியோடு நின்றால் இன்னும் சுலபம்.

கம்முனு இரு:
அப்போ பையனுக்குத் தொப்பி. பெரியவங்களுக்கு ஜெர்சி மேல் ஒரு மெல்லிய ஜாக்கெட். முடிஞ்சு லான்ஸ்டவுன் தெரு வழியா வரும்போது ஜிப்பைப் போட்டுக்கோங்க. அந்தத் தெரு முழுக்க பார்தான்.

சாம்பல் சட்டை:
ஜூலை ராத்திரியில் கழுத்து வரை ஜிப் போட்டு வேர்த்து வழிய நடக்கிறவனைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க.

பச்சைச் சுவர்:
லான்ஸ்டவுன் தெருப் பக்கமே போக வேண்டாம். ஜெர்சி ஸ்ட்ரீட் பக்கமா வெளியே வந்து சுற்றிப் போங்க. ஜெயிச்சிருந்தால் பத்து நிமிடம் சீட்டிலேயே இருந்து கூட்டம் இறங்கட்டும். கென்மோர் நடைமேடையில் நெரிசல் அதிகமா இருந்தால் ஓட்டலுக்கு நடப்பதே உத்தமம்.

பை எதுவும் கொண்டு வராதீங்க. மருந்து, குழந்தைச் சாமான் மாதிரி விதிவிலக்கு தவிர உள்ளே விடமாட்டாங்க. மாமாவுக்கு மருந்து இருந்தால் முன்கூட்டியே கேட்டில் சொல்லிடுங்க. கடைகளில் ரொக்கம் செல்லாது, கார்டு வேணும். டிக்கெட் போனில்தான். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் நாலு டிக்கெட்டையும் முன்னாடியே அவரவர் போனுக்கு அனுப்பி வெச்சுக்கோங்க. பையனுடையது உங்க போனில் இருந்தால் போதும்.

ஜெர்சிசிட்டி குமரன்:
வெள்ளி இரவு, மூன்றாம் பேஸ் கிராண்ட்ஸ்டாண்ட், நாலு ஜெர்சி. ஒரே ஒரு சந்தேகம். மாமாவிடம் இருப்பது பெயர் போட்ட ஜெர்சி.

சாம்பல் சட்டை:
அப்போ ஜாக்கெட் மாமாவுக்கு மட்டும்.