பாஸிவ் சப்வூஃபர்: ஆர்சிஏ செருகியதும் ஹம், வழி சொல்லுங்கள்

நண்பர்களே, என்னிடம் இருப்பது 8 இன்ச், 4 ஓம் பாஸிவ் சப்வூஃபர் (உள்ளே ஆம்ப் இல்லாத பாஸ் ஸ்பீக்கர்). ரிசீவரின் சப் அவுட்டில் வருவது வெறும் லைன் சிக்னல் (ஆம்ப் பெருக்க வேண்டிய பலவீனமான சிக்னல்), அதை நேரே கொடுத்தால் கோன் அசையாது. அதனால் நடுவில் டிபிஏ 3116 மோனோ ஆம்ப் போர்டு, 24 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் (அதற்குக் கீழான ஒலி சப்வூஃபருக்கு). பாஸ் அருமை.

சிக்கல் ஹம்தான் (விடாத 'ம்ம்' இரைச்சல்). போர்டு இன்புட்டை ஷார்ட் செய்தால் சுத்தமான அமைதி. ரிசீவரில் ஆர்சிஏ (ஆடியோ ஒயர்) செருகியதும் கோனில் விரல் வைத்தாலே அதிர்வு தெரிகிறது. செட்டாப் பாக்ஸின் கேபிள் ஒயரைக் கழற்றினால் பாதி குறைகிறது. ஆக, கிரவுண்ட் லூப் (கருவிகளின் கிரவுண்ட் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் இணைந்து ஹம் வருவது). எஸ்எம்பிஎஸ் எர்த்தைத் துண்டிக்க மட்டும் சொல்லாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

ஆர்சிஏ ஐசோலேட்டர் (கிரவுண்ட் இணைப்பைப் பிரித்து, ஒலியை டிரான்ஸ்ஃபார்மர் வழியே கடத்துவது) போடலாமா? உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் சிறியதாக இருந்தால் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் இரும்புக் கோர் சாச்சுரேட் ஆகி (காந்தத் திறன் எல்லையை எட்டி) பாஸ் கெடும், அதனால்தான் தயக்கம். 30 ஹெர்ட்ஸ் வரை சுத்தமாக இறங்கும் ஐசோலேட்டரை யாராவது பயன்படுத்துகிறீர்களா?