சான்ரிக்குக் கடற்கரையில் ஆறு நாள்: ரயிலா, காரா, போகாமலே இருப்பதா?

கோவைக்காரி

டோக்கியோ, கியோத்தோ, ஃபூஜி மலை என்ற கட்டாயச் சுற்றை 2018இல் முடித்துவிட்டோம். அந்தப் பயணத்தில் ஊரைப் பார்த்ததைவிட முன்னால் நின்றவர்களின் முதுகைப் பார்த்ததுதான் அதிகம். இந்த அக்டோபர் மூன்றாம் வாரத்தில் ஆறு நாள் கிடைத்திருக்கிறது. ஜப்பானின் முதன்மைத் தீவான ஹொன்ஷூவின் வடகிழக்குக் கரையான சான்ரிக்குவுக்குப் போகலாம் என்று இருக்கிறேன்.

திட்டம் இதுதான். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலைப் பிடித்து ஹச்சினோஹே. அங்கிருந்து கரையை ஒட்டியே ரயிலில் தெற்கே இறங்குவது: கூஜி, மியாக்கோ, காமாயிஷி, ரிக்குசென்தகாதா, கெசென்னுமா, கடைசியில் செண்டாய். ஜப்பான் ரயில்வேயின் (ஜேஆர்) ஏழு நாள் பாஸ் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். உடன் வருபவர்கள் கணவரும் 68 வயது மாமியாரும். அத்தை சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. நன்றாக நடப்பார், படிக்கட்டைக் கண்டால்தான் முகம் சுருங்கும். எங்கே தப்பு இருக்கிறது என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ஓசாகா மருமகன்

தயங்காமல் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்: முதல் தப்பே அந்தப் பாஸ். 29,650 யென்னாக இருந்தது 2023 அக்டோபரில் 50,000 யென் ஆகிவிட்டது. அதை வாங்கிக்கொண்டு போனாலும், கூஜியிலிருந்து சக்காரி வரை 163 கிலோமீட்டர் ஓடுவது சான்ரிக்கு ரயில்வே. அது ஜேஆர் அல்ல, பாஸ் செல்லாது. உங்கள் பயணத்தின் உயிரான பகுதிக்குத் தனியாக டிக்கெட் எடுத்தே ஆகவேண்டும்.

இரண்டாவது, கார் எடுங்கள். ஹச்சினோஹேவுக்கும் செண்டாய்க்கும் நடுவே 359 கிலோமீட்டருக்கு, 2011 சுனாமிக்குப் பிறகான மறுசீரமைப்புச் சாலை போட்டு 2021 டிசம்பரில் முழுவதும் திறந்துவிட்டார்கள். பெரும்பகுதிக்குச் சுங்கம் கிடையாது. நம் ஊர் ஆர்டிஓவில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி அங்கே செல்லும், வண்டியும் இடப்பக்கம்தான் ஓடுகிறது. ரயிலோ ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு இரண்டு மணிநேரம்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆளில்லாத நிலையத்தில் மாமியாரை மர பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மணி பார்த்துக்கொண்டிருப்பீர்களா?

மூன்றாவது, சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கடல் பார்க்கப் போகிறீர்கள், அங்கே தெரியப்போவது சுவர். 2011க்குப் பிறகு மூன்று மாநிலங்களின் கரையில் ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்குத் தடுப்புச்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பல ஊர்களில் தெருவில் நின்றால் அலைச்சத்தம் மட்டும் கேட்கும், அலை தெரியாது. இதற்குக் கியோத்தோ மாநிலத்தின் வடகரையில் இருக்கும் இனே எவ்வளவோ மேல். கீழே படகு, மேலே வீடு என்று தண்ணீரை ஒட்டி 230 வீடுகள் வரை வரிசையாக நிற்கும். அமைதியான வளைகுடா. அத்தைக்கும் பிடிக்கும்.

தண்டவாளம்

மருமகன் சாருக்கு வணக்கம். பாஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கார் விஷயத்தில் முழுத் தவறு.

அந்தச் சாலை எதற்காகப் போடப்பட்டது? அடுத்த அலை வந்தாலும் துண்டிக்கப்படாமல் இருப்பதற்காக. அதனால் அது மலையைக் குடைந்து, கடலை விட்டு விலகி, உயரத்திலேயே போகிறது. சுரங்கம், பிறகு ஒரு வெட்டுமலை, மறுபடி சுரங்கம். விரைவாகப் போய்ச் சேரலாம், ஆனால் 359 கிலோமீட்டரில் கடல் கண்ணில் படும் நேரத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். ரயிலிலும் சுரங்கங்கள் ஏராளம், மறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சுரங்கமும் முடியும் இடத்தில் ஒரு சின்னக் குடா, பத்துப் படகு, ஒரு துறை என்று திறந்துகொள்ளும். கூஜிக்குத் தெற்கே ஓசாவாப் பாலத்தின்மேல் வரும்போது பயணிகள் பார்க்கட்டும் என்று வேகத்தைக் குறைப்பார்கள்.

இது வெறும் ரயில் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1984 ஏப்ரலில் தொடங்கிய பாதை. 2011 மார்ச் 11 அன்று பாலங்களும் நிலையங்களும் அடித்துக்கொண்டு போயின. ஐந்தே நாளில், மார்ச் 16 அன்று, கூஜிக்கும் ரிக்குச்சூ நோதாவுக்கும் இடையே மட்டும் ஒரு வண்டியை ஓட்டினார்கள், கட்டணம் வாங்காமல். 2019 மார்ச்சில் மியாக்கோ–காமாயிஷித் துண்டையும் சேர்த்து ஒரே பாதையாக்கினார்கள். ஏழு மாதம்கூட முழுதாக ஓடவில்லை, அக்டோபரில் வந்த புயல் மறுபடி பிய்த்துப்போட்டது. 2020 மார்ச்சில் திரும்பவும் முழுவதும் ஓடியது. இப்படிப்பட்ட வண்டியை விட்டுவிட்டு வாடகைக் காரில் சுரங்கம் பார்க்கச் சொல்கிறீர்களே!

நாகைவாசி

ரயிலா காரா என்று நீங்கள் மோதிக்கொள்ளுங்கள். எனக்கு வேறு கேள்வி இருக்கிறது. ஏன் போகவேண்டும்?

நான் அக்கரைப்பேட்டைப் பக்கம். 2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பதினான்கு வயது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அந்த அலைக்கு எங்கள் ஊரில் பெயரே இல்லை. சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லே பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அடுத்த ஒரு மாதம் வேனில் வேனாக ஆட்கள் வந்தார்கள். அரிசி கொண்டுவந்தவர்களும் உண்டு, நன்றி மறக்கவில்லை. ஆனால் எங்கள் தெருமுனையில் ஒரு விசைப்படகு கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் ஏறி நின்று, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படகின் சொந்தக்காரர் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சான்ரிக்குவில் பாழடைந்த பள்ளிக்கூடத்தையும் கட்டடத்தையும் பார்வை இடங்கள் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஒரு பள்ளியில் 74 பிள்ளைகள் போனார்கள். அங்கே நின்று பார்க்க நமக்கு என்ன இருக்கிறது? கோவைக்காரி சகோதரி, உங்களைக் குறை சொல்லவில்லை. கடல் பார்க்கவேண்டுமென்றால் கடல் மட்டும் இருக்கும் ஊருக்குப் போங்கள்.

கோவைக்காரி

அண்ணா, பதில் எழுதக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். உண்மையைச் சொன்னால் மலையும் கடலும் சேர்ந்த படங்களைப் பார்த்து ஆசைப்பட்டதுதான். கட்டடங்களைப் பற்றி யோசிக்கவே இல்லை. யோசிக்காததே தவறோ என்று இப்போது தோன்றுகிறது.

வேப்பமரத்தடி

நான் 2023இல் போய்வந்தவள், ஓய்வுபெற்ற ஆசிரியை. நாகைவாசித் தம்பி எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. தம்பியின் கோபம் நியாயம். அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பது என் அனுபவம்.

மியாக்கோவுக்கு வடக்கே தாரோ என்று ஒரு மீன்பிடி ஊர். 1896இல் ஒரு முறை, 1933இல் ஒரு முறை அழிந்த ஊர். 1896இல் நில அதிர்வு லேசாகத்தான் இருந்ததாம். ஆண்பிள்ளைகளின் திருநாள் என்று ஊரே விருந்தில் இருந்திருக்கிறது. அரைமணி நேரத்தில் அலை வந்து அந்தக் கரை முழுவதும் சுமார் 22,000 பேரைக் கொண்டுபோனது. பிறகு பத்து மீட்டர் உயரத்தில், மொத்தம் 2.4 கிலோமீட்டர் நீளத்தில் சுவர் கட்டினார்கள். பெருஞ்சுவர் என்றே பெயர் வைத்துப் பெருமைப்பட்டார்கள். 2011இல் அலை அதையும் தாண்டி வந்தது. சுவர் இருக்கிறதே என்று நம்பி ஓடாமல் நின்றவர்களும் போனார்கள்.

அங்கே ஓர் ஆறுமாடி விடுதியை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். கீழே இரண்டு மாடி வெறும் இரும்புத் தூண்கள், சுவர் இல்லை, மூன்றாம் மாடியிலிருந்து ஜன்னல்கள் ஒழுங்காக இருக்கின்றன. உள்ளூர் வழிகாட்டி எங்களை ஆறாம் மாடிக்கு அழைத்துப்போனார். அன்றைக்கு அந்த அறையின் ஜன்னலிலிருந்து எடுத்த காணொளியை அந்த அறையில் மட்டும்தான் காட்டுகிறார்கள். முடிந்ததும் யாரும் பேசவில்லை. அதே ஜன்னலில் எட்டிப் பார்த்தோம். 14.7 மீட்டர் உயரத்துக்குப் புதிய சுவர், அதற்கப்பால் ஒன்றும் அறியாததுபோல் நீலக் கடல். வழிகாட்டி கேட்டது ஒன்றுதான்: இப்போது நிலம் அதிர்ந்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்? எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாக மலைப்பாதையைக் காட்டினார்.

அந்தப் படகின்மேல் ஏறி நின்றவர்களை யாரும் அழைக்கவில்லை. இங்கே ஊரே அழைத்து உட்காரவைத்துச் சொல்கிறது. வித்தியாசம் அதுதான் தம்பி.

ஓசாகா மருமகன்

அக்கா, ஊரே அழைக்கிறது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஓத்ஸுச்சி என்ற ஊரில் பழைய நகர அலுவலகத்தை வைத்திருப்பதா இடிப்பதா என்று நீதிமன்றம் வரை போனார்கள். பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு வலிக்கிறது என்றது ஒரு பக்கம், இடித்தால் மறந்துவிடுவார்கள் என்றது மறுபக்கம். 2019இல் இடித்துவிட்டார்கள். மினாமிசான்ரிக்குவில் சிவப்பு இரும்புக்கூடாக நிற்கும் கட்டடத்துக்கும் இதே சண்டைதான். வைத்துக்கொள்வது என்று ஊர் முடிவெடுக்க 2024 ஆயிற்று. நாகைவாசி கேட்ட கேள்வியை அந்த ஊர்க்காரர்களே பத்து வருடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாகைவாசி

இடித்த ஊரும் உண்டு என்று இதுவரை எனக்குத் தெரியாது. சொன்னதற்கு நன்றி.

அக்கா, நீங்கள் சொல்லும் வழிகாட்டி மாதிரி ஒருவர் எங்களுக்கு இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் என்னால் அந்த ஆறாம் மாடிக்கு ஏற முடியாது. மற்றவர்கள் ஏறுவதைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை, அவ்வளவுதான்.

தண்டவாளம்

நாகைவாசி ஐயாவுக்கு ஒரு தகவல். மியாக்கோவுக்குத் தெற்கே ஓமொயே தீபகற்பத்தில் அனெயோஷி என்ற சிற்றூர் இருக்கிறது. 1933க்குப் பிறகு நட்ட ஒரு கல் மலைப்பாதையில் நிற்கிறது. இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். கேட்டார்கள், கட்டவில்லை. 2011இல் தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. மேலே ஒரு வீடும் போகவில்லை. பாழடைந்த கட்டடம் எதுவும் இல்லை, ஒரு கல் மட்டும்தான்.

ஓசாகா மருமகன்

அந்தக் கல்லுக்கு உங்கள் ரயில் போகுமா, தண்டவாளம் சார்?

தண்டவாளம்

போகாது. மியாக்கோவில் ஒரு நாள் மட்டும் கார் எடுக்கலாம். ஒரே ஒரு நாள்.

ஓசாகா மருமகன்

இதைக் கேட்கத்தான் காலையிலிருந்து காத்திருந்தேன்.

கோவைக்காரி

சண்டை முடிந்தால் சாப்பாட்டுக்கு வரலாமா? அத்தை என்ன சாப்பிடுவார் என்பதுதான் என் கவலை. போன தடவை ஒரு விடுதியில் சைவம் என்று இரண்டு முறை எழுதியும், மீன் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு அதே குழம்பைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

வேப்பமரத்தடி

அவர்கள் கணக்கில் அது சைவம்தான் அம்மா. தாஷி என்ற சாறுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதைப் பெரும்பாலும் காத்ஸுஓபுஷியில் எடுக்கிறார்கள், அது நம் மாசிக்கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மீசோ சூப், வேகவைத்த கீரை, ஏன், டோஃபுமேலேகூடத் தூவிவிடுவார்கள். வாக்காமேக் கடற்பாசிக்கு இந்தக் கரை பேர்போனது, அத்தை அதைச் சாப்பிடலாம், ஆனால் எதில் போட்டு வருகிறது என்று பார்க்கவேண்டும்.

ஆகவே இரவுச் சாப்பாட்டோடு சேர்த்த விடுதி வேண்டாம். சுதோமாரி என்று கேளுங்கள், சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் தருவார்கள். கடைகளில் நுண்ணலை அடுப்பில் சூடாக்கும் வெறும் சோற்றுப் பொட்டலம் கிடைக்கும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துக்கொண்டால் ஆறு நாள் பறந்துவிடும். உமேபோஷி என்ற உப்பிட்ட பிளம் பழம் வைத்த ஒனிகிரிச் சோற்றுருண்டையை வழிக்கு வாங்கலாம், உப்பும் புளிப்பும் சேர்ந்து நம் எலுமிச்சை ஊறுகாயைப் போலவே இருக்கும்.

உங்கள் கணவர் மீன் சாப்பிடுவார் என்றால் மியாக்கோவில் பின்தொன் கேட்கச் சொல்லுங்கள். பால் புட்டி போன்ற கண்ணாடிப் புட்டியில் கடல் உணவை அடைத்துத் தருவார்கள், சுடுசோற்றில் நாமே கவிழ்த்துக்கொள்ளவேண்டும். என் வீட்டுக்காரர் இன்னும் அதையே பேசுகிறார்.

அக்டோபரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். எதையும் மாலைக்கு ஒதுக்காதீர்கள். மலைப்பாதையில் நடப்பதாக இருந்தால் கரடி கிட்ட வராமலிருக்க ஒலிக்கும் கரடிமணி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ஓசாகா மருமகன்

சுவர் பற்றிச் சொன்னேன் அல்லவா, ஒரு விதிவிலக்கு உண்டு. தெற்கே ஒனகாவா. உயரமான சுவர் வேண்டாம், நிலத்தை உயர்த்துவோம் என்று முடிவெடுத்த ஊர். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தெரு நேராகக் கடலை நோக்கி இறங்குகிறது, நடுவில் மறைப்பே இல்லை. கெசென்னுமாவிலிருந்து பழைய ரயில் பாதையில் ஓடும் பிஆர்டி பஸ்ஸில் மாயெயாச்சி வரை வந்து ஜேஆர் பிடித்தால் போய்விடலாம். இனேவை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை, அது வேறு.

கோவைக்காரி

மாற்றிய திட்டம். முதல் நாள் ஹச்சினோஹே வழியாகக் கூஜி. இரண்டாம் நாள் ரயிலில் மியாக்கோ, இரண்டு இரவு. மூன்றாம் நாள் காலை ஜோதோகஹாமாவின் வெள்ளைப் பாறைகள், பிறகு வாடகைக் காரில் அனெயோஷி. நான்காம் நாள் சக்காரி வரை ரயில், அங்கிருந்து பிஆர்டி. ரிக்குசென்தகாதாவில் எழுபதாயிரம் பைன் மரங்களில் மிஞ்சிய ஒற்றை மரத்தருகே இறங்கிவிட்டுக் கெசென்னுமா. ஐந்தாம் நாள் ஒனகாவா, இரவு செண்டாய். ஆறாம் நாள் டோக்கியோ. பாஸ் இல்லை, தனித்தனி டிக்கெட்.

தாரோவைப் பற்றி அத்தையிடம் படித்துக் காட்டினேன். ஆறு மாடி ஏறவேண்டுமே என்றேன். "உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறேன்" என்றார். ஆகவே மூன்றாம் நாள் மதியம் அதையும் சேர்க்கவேண்டும். நாகைவாசி அண்ணா, அங்கே கேமராவைப் பையிலேயே வைத்துக்கொள்கிறோம்.

நாகைவாசி

கல்லை மட்டும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள் சகோதரி. பக்கத்தில் யாரும் நிற்காமல்.

தண்டவாளம்

தெற்கே போகும்போது இடப்பக்க ஜன்னல். மறந்துவிடாதீர்கள்.