1,500 வெள்ளியில் அக்கா மகனுக்கு ஒரு கணினி

கணினி வாங்கப் போய் ஏமாந்த கதையை எல்லாரும் சொல்லிவிட்டீர்கள், என் பங்குக்கு நானும். கொஞ்சம் மானம் போகிற கதைதான், பரவாயில்லை.

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஆட்கள். அக்கா மகன் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்து மல்டிமீடியா படிக்கப் போகிறான். மடிக்கணினி வேண்டாம், மேசைக் கணினிதான் வேண்டும், பின்னால் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொள்ளலாம் என்றான். நியாயமான பேச்சு. பழைய திரை ஒன்று வீட்டில் இருந்தது. மற்றதற்கெல்லாம் சேர்த்து 1,500 வெள்ளி (ரிங்கிட்), அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஈப்போ போய்ப் பார்த்தால், கணினியின் மூளையான ப்ராசசரில் கோர் ஐ3 12100 ஒரு விலை, 12100எஃப் அதைவிட நூறு வெள்ளி போலக் குறைவு. இரண்டுக்கும் 4 கோர், 8 திரெட், கணக்குப் போடும் பலம் ஒன்றுதான். அதே நம்பர், விலையும் குறைச்சல், வேறென்ன யோசிக்க? எஃப் போட்டதையே எடுத்துக்கொண்டு, பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்ட மாதிரி மோட்டாரில் வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று ராத்திரி எல்லாவற்றையும் பூட்டி சுவிட்சைப் போட்டால் காற்றாடி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. ரேம் என்ற நினைவகத் தகட்டைக் கழற்றி அதன் தங்க நிறப் பல்லைப் பள்ளிக்கூட அழிப்பானால் தேய்த்தேன், ஸ்லாட்டை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். அக்கா கலக்கி வைத்த மைலோ ஆறி ஆடை படிந்துவிட்டது. பதினொரு மணிக்குப் பையனின் கூட்டாளி போனில் கேட்டான்: "அண்ணே, ப்ராசசர் பேருக்குக் கடைசியில எஃப் இருக்கா?"

எஃப் இருந்தால் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் ப்ராசசருக்குள் கிடையாதாம், தனி கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் படம் வரும். பாகங்களையெல்லாம் பொருத்தும் மதர்போர்டில் திரை கேபிள் செருகும் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதே என்று ஏமாந்துவிட்டேன். அது எஃப் இல்லாத ப்ராசசருக்காக வைத்தது. பெட்டி பிரித்ததைக் கடையில் திரும்ப எடுக்கவில்லை, தனி கார்டு வைத்திருந்த ஒரு பையனுக்கு 60 வெள்ளி நட்டத்தில் தள்ளிவிட்டு, எஃப் இல்லாததை வாங்கினேன். நல்லவேளை, மதர்போர்டை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பழைய ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் போட்டிருக்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி எத்தீரியம் என்ற கிரிப்டோ காசு சம்பாதிக்கும் மைனிங் நின்ற பிறகு அந்த மாதிரி கார்டுகள் மலிவாக வந்தது எனக்கும் தெரியும். ஆனால் ப்ராசசர் 60 வாட், அந்தக் கார்டு மட்டும் 185 வாட். பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையை அதற்கேற்ற மாதிரி வாங்கக் காசு எங்கே?

பவர் சப்ளை என்றாலே எனக்கு வயிறு கலங்கும். முன்பு என்னிடம் இருந்த கணினியில் வெளிப்பெட்டியோடு இலவசமாக வந்த ஒன்று, மேலே 600 வாட் என்று ஸ்டிக்கர், கையில் எடுத்தால் காலி பிஸ்கட் டின் மாதிரி லேசு. ஒரு நாள் சாயங்காலம் செம்பனைக் காட்டுப் பக்கம் இடி விழுந்தது, டப்பென்று ஒரு சத்தம், அப்புறம் கருகிய வாடை. திறந்து பார்த்தால் உள்ளே கெப்பாசிட்டர் என்ற சின்ன உருளையின் தலை உப்பி, பழுப்பாக ஏதோ கசிந்திருந்தது. அதோடு மதர்போர்டும் போச்சு, ஹார்ட் டிஸ்கும் போச்சு, அப்பாவின் கடைசிப் படங்கள் அதில்தான் இருந்தன. அதனால் இந்த முறை 200 வெள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு பவர் சப்ளைக்கு ஒதுக்கினேன். 80 ப்ளஸ் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் அது சொல்லும். நான் பார்த்தது ஐந்து வருட உத்தரவாதமும் மின்னழுத்தம் எகிறினால் காக்கும் ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பும்.

ரேமுக்குக் காசு பற்றாமல் 8 ஜிபி ஒன்றைத்தான் முதலில் போட்டோம். உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் ரேமிலிருந்துதான் இடம் எடுக்கும் என்பதால் எல்லாம் திக்கித் திக்கி ஓடியது. அடுத்த மாதச் சம்பளத்தில் அதே மாதிரி இன்னொன்று, மதர்போர்டு புத்தகத்தில் சொன்ன ஸ்லாட்டில் போட்டதும் நன்றாகவே வித்தியாசம் தெரிந்தது. திரும்ப வாங்குவதாக இருந்தால் ரைசன் 5 5600ஜி என்ற ப்ராசசரை எடுப்பேன், அதன் உள் கிராபிக்ஸ் இதைவிடப் பலமானது.

அக்கா இப்போது வானம் கறுத்தாலே போதும், சுவிட்சை அணைப்பதோடு விடாமல் பிளக்கையும் மோடம் கம்பியையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறாள். பையன் இதுவரை மூன்று கேமில் தோற்றிருக்கிறான், கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை.