சிமுலேஷனில் ஒரு மோதல்கூட வரவில்லை: மாதிரியில் குறையா?

கேள்வி:
வணக்கம். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் 40 கணினிகள் ஒரே சர்வரிலிருந்து கோப்புகளை இறக்கும் நிலையை, வலையமைப்புகளைச் சிமுலேஷன் செய்யும் என்எஸ்-3 மென்பொருளின் சிஎஸ்எம்ஏ மாதிரியில் (கம்பி காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கணினிகள் அனுப்பும் முறை) 100 எம்பிபிஎஸ் வேகத்துக்குச் சிமுலேஷன் செய்து பார்க்கிறேன். சுமையை எவ்வளவு கூட்டினாலும் மோதல் (இரு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பித் தரவு கெடுவது) ஒன்றுகூடப் பதிவாகவில்லை. வகுப்பிலோ, ஈதர்நெட் (கம்பிவழி உள்ளூர் வலையமைப்பு) தன் வேகத்தில் 37 விழுக்காட்டுக்கு மேல் தாங்காது என்று படித்தோம். எதை நம்புவது?

பதில் 1:
அந்த மாதிரியில் மோதல் நிகழவே நிகழாது. ஒரு கணினி அனுப்பத் தொடங்கியது மற்றவற்றுக்கு அந்தக் கணமே தெரிந்துவிடும்படி அதை எழுதியிருக்கிறார்கள். ஆவணத்திலும் இதை மறைக்கவில்லை. உண்மையான கம்பியில் சமிக்ஞை போய்ச்சேர நேரம் பிடிக்கும். 10 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் அதற்காகவே 512 பிட், அதாவது 51.2 மைக்ரோ நொடி ஒதுக்கப்பட்டது. ஃபிரேம் (ஒரு தடவையில் அனுப்பும் தரவுத் துண்டு) 64 பைட்டுக்குக் குறையக் கூடாது என்ற விதியும் அதிலிருந்து வந்ததுதான். மோதலையே ஆராய வேண்டுமானால் ஓம்நெட்++ மென்பொருளுக்கான ஐநெட் தொகுப்பைப் பாருங்கள்.

ஆனால் உங்கள் ஆய்வகத்தில் இருப்பது சுவிட்ச்தானே? அனுப்பவும் பெறவும் தனித்தனிப் பாதை உள்ள முழு இருவழி இணைப்பில் மோதலுக்கே இடமில்லை. சர்வரும் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இருந்தால் அதன் வெளிச்செல்லும் வரிசையில்தான் பாக்கெட்டுகள் தேங்கும். அதைக் கிகாபிட்டுக்கு மாற்றினால் நெரிசல் எந்தப் போர்ட்டுக்கு நகர்கிறது என்பதுதான் நீங்கள் அளக்க வேண்டியது.

பதில் 2:
அந்த 37 விழுக்காடு எல்லா நிலைக்கும் பொருந்தாது. ஃபிரேம் ஒரு ஸ்லாட் நேர அளவே (மேலே சொன்ன 512 பிட்) நீண்டு, ஏராளமான கணினிகள் ஓயாமல் போட்டியிடும் நிலைக்கான கணக்கு அது. பெரிய ஃபிரேம்களில் ஈதர்நெட் இதைவிட வெகுவாகத் தாங்கும் என்பதை ஆய்வாளர்கள் போக்ஸ், மொகுல், கென்ட் மூவரும் 1988லேயே நேரடியாக அளந்து காட்டினார்கள்.

சிமுலேஷனை ஓட்டுமுன் கையால் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1518 பைட் ஃபிரேமுடன் 8 பைட் முன்னொட்டும் 12 பைட் இடைவெளியும் சேர்ந்து 1538 ஆகும்; அதில் டிசிபி வழியே போகும் தரவு அதிகபட்சம் 1460 பைட். எனவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 94.9 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டி விடை வந்தால், மாதிரி எதையோ கணக்கில் சேர்க்கவில்லை என்று பொருள்.

பதில் 3:
மேலே சொன்னவற்றோடு இதையும் கவனியுங்கள். ஆர்என்ஜிரன் (எந்தத் தற்செயல் எண் வரிசை என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பு) மதிப்பை மாற்றாவிட்டால் என்எஸ்-3 ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக அதே விடையைத்தான் தரும். அதைப் பார்த்து முடிவு நிலையானது என்று எழுதிவிடாதீர்கள். மதிப்பை மாற்றிப் பலமுறை ஓட்டி, வரிசைகள் காலியாக இருக்கும் தொடக்கப் பகுதியை நீக்கிவிட்டு, சராசரித் தாமதத்துடன் நம்பிக்கை இடைவெளியையும் (உண்மையான சராசரி இருக்கக்கூடிய வரம்பு) கொடுங்கள்.